கெக்கில் வைத்த சோடா சப்பென்று ஆகாமலிருக்க

கேள்வி: கொடைக்கானலில் சிறிய ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தோட்டத்துப் பேஷன் ஃப்ரூட் சாற்றில் சோடா செய்து 19 லிட்டர் கெக்கில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாயில்) வைக்கிறோம். கார்பன் டை ஆக்சைடு கேஸ் ஏற்றியதும் சிலிண்டரை மூடிவிடுவேன். முதலில் சுருக்கென்று இருக்கிறது. பாதி தீர்வதற்குள் சப்பென்று ஆகிவிடுகிறது. ஊரே குளிர்தானே என்று ஃபிரிட்ஜில் வைப்பதில்லை. கேஸ் எங்கே கசிகிறது?

பதில்: எங்கேயும் கசியாமலே இப்படி ஆகும். நீங்கள் ஒவ்வொரு டம்ளர் பிடிக்கும்போதும் கெக்கின் மேல்பகுதியில் காலியிடம் கூடுகிறது. சிலிண்டர் மூடியிருப்பதால், அந்த இடத்தை நிரப்பச் சோடாவில் கரைந்திருக்கும் கேஸ்தான் வெளியே வர வேண்டும். பாதி கெக் இறங்குவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படியே போய்விடும். ரெகுலேட்டரைச் சரியான அழுத்தத்தில் வைத்து, சிலிண்டரைத் திறந்தே விடுங்கள். கேஸ் வீணாகுமோ என்று பயப்பட வேண்டாம். மூட்டுகள் இறுக்கமாக இருந்தால், குறைந்ததை ஈடுகட்டும் அளவுதான் உள்ளே போகும்.

சரியான அழுத்தம் எது என்பது சூட்டைப் பொறுத்தது. நல்ல சுருக்கான சோடாவுக்கு 4 டிகிரியில் சுமார் 22 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) போதும், 15 டிகிரியில் 37 வேண்டும். இவை கடல்மட்டக் கணக்கு. ரெகுலேட்டர் மீட்டர் வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்றழுத்தமே அங்கே மூன்று பி.எஸ்.ஐ.க்குக் கொஞ்சம் அதிகமாகக் குறைவு. அதனால் மேலே சொன்னதோடு 3 கூட்டி, 4 டிகிரி ஃபிரிட்ஜில் இருக்கும் கெக்கை 25இல் வையுங்கள்.

மலைக் குளிரை நம்பி ஃபிரிட்ஜைத் தவிர்க்காதீர்கள். இனிப்புச் சாறு 15 டிகிரியில் புளித்துப் பொங்கத் தொடங்கும். ஃபிரிட்ஜில் கெக்குக்கு இடமில்லையென்றால் ஒரு வழி உண்டு: கெக்கில் வெறும் தண்ணீர்ச் சோடா மட்டும் 40 பி.எஸ்.ஐ.யில், சாறு சிரப்பாக ஃபிரிட்ஜில், கலப்பது டம்ளரில். ருசிக்கும் எனக்கு இதுதான் பிடிக்கும். (பீருக்கும் இதே கணக்குதான், அழுத்தம் மட்டும் குறைவு. ஆனால் தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச மதுவிலக்குச் சட்டம் இடம் தராது.)

கசிவுச் சந்தேகம் தீர வேண்டுமென்றால் காலி கெக்கில் சோதியுங்கள். 30 பி.எஸ்.ஐ. ஏற்றி, மூடியின் ஓ-ரிங்கிலும் (ரப்பர் வளையம்) இரண்டு வால்வுகளிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக நிரப்பிய கெக்கில் மீட்டர் இறங்குவதைக் கசிவென்று எண்ண வேண்டாம்; கேஸ் தண்ணீரில் கரைகிறது, அவ்வளவுதான்.

சாற்றைத் துணியில் வடிகட்டியே ஊற்றுங்கள். சதைத் துணுக்கைப் பிடித்துக்கொண்டுதான் குமிழிகள் கிளம்பும். டம்ளர் முழுக்க நுரையாகிவிடும். சோடா பிடிக்கும் குழாய் குட்டையாக இருந்தாலும் இதே தொல்லைதான். 5 மி.மீ. உள்விட்டக் குழாயை ஆறேழு மீட்டருக்குச் சுருட்டி வையுங்கள்.

சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வைக்கவும். குளிருக்காக ஜன்னலெல்லாம் அடைத்த அறையில் மட்டும் வேண்டாம்: கசிந்தால் கார்பன் டை ஆக்சைடு தரையோடு தேங்கும், அதற்கு மணமும் கிடையாது.