வாசகர் கேள்வி – பதில்: கிராப்பி எந்த ஆழத்தில் கிடைக்கும்?

கேள்வி: டல்லாஸ் அருகே வசிக்கிறோம். விடுமுறை நாட்களில் மகனுடன் ஃபோர்க் ஏரிக்குக் கிராப்பி என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கச் செல்வதுண்டு. பக்கத்துப் படகில் இருப்பவர்கள் வரிசையாக மீனைத் தூக்கிக்கொண்டிருக்க, எங்கள் தக்கை மட்டும் அசைவதே இல்லை. அவர்கள் போடும் அதே உயிருள்ள பொடிமீனைத்தான் நாங்களும் இரையாகப் போடுகிறோம். எங்கே தவறு?

பதில்: இரை ஒன்றாகவே இருக்கும்போது, வேறுபாடு பெரும்பாலும் ஆழத்தில்தான் இருக்கும். கிராப்பியின் கண்கள் தனக்கு மேலே இருப்பதைக் காண்பதற்கு வாகாக அமைந்தவை. அது எழும்பி வந்து இரையைக் கவ்வுமே தவிர, தனக்குக் கீழே தொங்குவதைத் தேடி இறங்குவது அரிது. கூட்டம் 12 அடி ஆழத்தில் நிற்கையில் உங்கள் தூண்டில் முள் 14 அடியில் தொங்கினால், பொழுது சாயும்வரை காத்திருந்தாலும் பயனிராது. அதையே 11 அடிக்கு உயர்த்தினால் நிலைமை மாறிவிடும்.

ஆகவே, தூண்டில் நரம்பில் நூல் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சை நகர்த்துவதன் மூலம் ஆழத்தை மாற்றக்கூடிய நழுவும் தக்கையை வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓரடி இறக்கிக்கொண்டே வாருங்கள். முதல் மீன் கிடைத்தவுடன் முடிச்சைத் தொடாதீர்கள். கிராப்பி கூட்டமாக வாழும் மீன் என்பதால், அடுத்த மீனும் அதே மட்டத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பருவத்துக்கேற்ப அந்த மட்டம் மாறும். வசந்த காலத்தில் தண்ணீரின் வெப்பம் 60 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது, முட்டையிடுவதற்காக அவை கரையோரம் வந்துவிடும்; நாணல் ஓரங்களிலும் மரக்கட்டைகளின் அருகிலும் சில அடி ஆழமே போதும், படகுகூடத் தேவையில்லை. கோடையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆழத்தில் குளிர்ச்சி இருக்கும் என்று நம்பி ஏரியின் அடிவரை தூண்டிலை இறக்குவார்கள். ஆனால் வெயில் காலத்தில் ஏரி நீர் அடுக்கடுக்காகப் பிரிந்து, அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், மீன்கள் அதற்கு மேலே, மூழ்கிய புதர்களையும் பாலத்தூண்களையும் ஒட்டி நடுநீரில் மிதந்தபடி நிற்கும். ஃபோர்க் ஏரியில் தண்ணீருக்குள் நிற்கும் பட்ட மரங்களுக்குக் குறைவில்லை. ஒரு மரத்தடியில் அசைவில்லையென்றால் அடுத்த மரத்துக்கு நகர்ந்துவிடுவதே நல்லது. அங்கேயே அமர்ந்திருப்பதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன். குளிர்காலத்தில் அவை இன்னும் ஆழத்துக்கு இறங்கி மந்தமாகிவிடும். அப்போது இரையை ஏறக்குறைய அசைக்காமலே தொங்கவிட வேண்டும்.

கேள்வி: மிசிசிப்பியில் இருக்கிறேன். மீன் கடிப்பது தெரிகிறது. ஆனால் இழுத்தவுடன் கழன்றுவிடுகிறது. முள் சரியில்லையா?

பதில்: முள்ளைவிட உங்கள் இழுப்பின் மீதுதான் எனக்குச் சந்தேகம். கிராப்பியின் வாயைச் சுற்றியுள்ள சவ்வு காகிதம்போல் மெல்லியது. கெளுத்திக்கு இழுப்பதைப்போல் வெடுக்கென்று சுண்டினால் அது கிழிந்து, ஓட்டை பெரிதாகி, முள் நழுவிவிடும். கோலின் நுனியை மெதுவாக உயர்த்தினாலே முள் ஏறிவிடும். 4 அல்லது 6 பவுண்டு எடை தாங்கும் நரம்பும், நுனி நன்றாக வளையும் கோலும், மெல்லிய கம்பியாலான முள்ளும் போதுமானவை. மெல்லிய முள் புதரில் சிக்கினாலும், நிதானமாக இழுத்தால் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். மீன் நீர்மட்டத்துக்கு வந்ததும், நரம்பைப் பிடித்துத் தூக்காமல் கைவலையில் ஏந்துங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தக்கை தண்ணீருக்குள் மூழ்கினால்தான் கடி என்பதில்லை. இரையைக் கவ்விய கிராப்பி மேல்நோக்கி நீந்தும்போது ஈயக்குண்டின் பாரம் தக்கையை விட்டு நீங்கிவிடும். நிமிர்ந்து நின்ற தக்கை பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். அதைக் கண்டவுடன் தளர்ந்த நரம்பைச் சுற்றி, கோலை உயர்த்துங்கள்.

கேள்வி: டெக்சாஸில் 10 அங்குலத்துக்குக் குறைவான கிராப்பியைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்கிறார்கள். ஆனால் ஃபோர்க் ஏரியில் குளிர்காலத்தில் சிறியதையும் எடுத்துச்செல்ல வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எது சரி?

பதில்: இரண்டுமே சரி. மாநிலத்தின் பொது விதி குறைந்தபட்சம் 10 அங்குலம், ஒரு நாளைக்கு 25 மீன்கள் என்பதாகும். வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி இரண்டையும் சேர்த்தே இந்தக் கணக்கு. ஆனால் ஃபோர்க் ஏரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி இறுதிவரை நீள வரம்பு கிடையாது. பிடிபட்டதை விடவும் கூடாது. ஆழத்திலிருந்து விரைவாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் ஊதிப்போய்விடும். அத்தகைய மீனைத் திரும்ப விட்டாலும், கீழே இறங்க முடியாமல் அது இறந்துபோகக்கூடும் என்பதே காரணம். சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று எண்ணாமல், 25 மீன்கள் சேர்ந்தவுடன் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டுக்கான விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.