சிம் கார்டு கேட்ட தம்பிக்கு

சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாப்பாட்டுக் கடை வேலை கிடைத்திருக்கிறது, எந்த சிம் மலிவு, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், இப்போதுதான் வீடியோ கால் இருக்கிறதே, தனிமை தெரியாதுதானே?

சிம் எதுவானாலும் சரி, உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். மிச்சம் பிடிப்பது உங்கள் சாமர்த்தியம். மூன்றாவது கேள்விக்குத்தான் வாய் துறுதுறுக்கிறது.

நான் 2001இல் இதே ஊரில் வந்து இறங்கியவன். அன்றைக்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்ல எனக்கு ஆளில்லை. உங்களிடம் போன் இருக்கிறது. விமானம் ஏறுமுன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தத் தாள் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் பெட்டியால் ஆகும் உருப்படியான காரியம் அது.

மற்றபடி, இங்கே கடை சாத்தப் பதினொன்று ஆகும். அப்போது ஊரில் எட்டரைதான், எல்லோரும் விழித்திருப்பார்கள். வினையே அங்குதான். நான் இப்போது வேலை பார்க்கும் கடையில் ஆறு பையன்கள் ஒரே அறையில். ஆறு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து ஆளுக்கொரு வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊர் தூங்கப் போகும்போது இங்கே ஒன்றரை மணி. ஐந்து மணிக்கு ரொட்டி சானாய் மாவு உருட்ட எழுந்தாக வேண்டும். போன மாதம் ஒருவனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். பக்கத்துக் கட்டில்காரனுக்கே தெரியவில்லை. பட்டுக்கோட்டையிலிருந்து அவன் அக்கா எனக்கு போன் போட்டுச் சொன்ன பிறகுதான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன்.

இன்னொரு கூத்து, லீவு கிடைத்தால் கோலாலம்பூர் போய் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் போடுவார்கள். மறுநாளே மச்சானுக்கு பைக் வேண்டியிருக்கும். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு ஆலோங் என்னும் கந்துவட்டிக்காரனிடம் கடன் வாங்கியவனை எனக்குத் தெரியும். இங்குள்ளவர்கள் 'பசியாறிட்டியா' என்று கேட்பதைக் கிண்டலடித்து வீடியோ போட்டான் ஒருவன். மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் ரப்பர் மரத்தில் பால் வெட்டித் தமிழைக் காப்பாற்றியவர்களைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை? அந்தச் சொல்லைத்தான் நான் முதலில் கற்றுக்கொண்டேன். இன்று என் மலாயைக் கேட்டு யாரும் என்னை இந்தியாவிலிருந்து வந்தவன் என்று சொல்ல மாட்டார்கள்.

கற்றுக்கொடுத்தது பொதுத் தொலைபேசி வரிசை. சுரண்டுகிற கார்டு, ஞாயிற்றுக்கிழமை, மூன்று நிமிடம் பேச ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வேண்டும். எனக்கு முன்னால் எப்போதும் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் நிற்பார். தோட்டக் குடியிருப்பான லயத்தில் போன் கிடையாது, சிங்கப்பூரில் இருந்த மகனோடு பேச வருவார். சத்து, டுவா, தீகா என்று எண்ணச் சொல்லிக்கொடுத்தார். விடியுமுன் ஆள் கணக்கு எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர் என்றார். ஒருநாள் என் கார்டில் காசு தீர்ந்து, அம்மா குரல் பாதியில் அறுந்துபோய் நான் விழித்தபோது தன் கார்டை நீட்டினார். அந்தத் தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு. பரிமாறிய பெண்தான் இப்போது என் மனைவி. சிவப்பு ஐசி, அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கான அடையாள அட்டை, கிடைக்க நான் அலைந்தது தனிக் கதை, அதை விடுங்கள்.

அந்தப் பெரியவர், என் மாமா, இப்போது தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் இருக்கிறார். போன் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். சாய்வு நாற்காலியில் பழைய பாட்டு கேட்டபடி கிடக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. என் பிழைதான்.

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு, அங்கேதான் இருப்பேன். வந்து சேர்ந்ததும் ஒரு செவ்வாய் பார்த்து வாங்க தம்பி, மீன் கறி இருக்கும்.