ஸ்போர்ட்ஸ் வாட்ச் ஸ்ட்ராப்பில், கட்டியபின் மிஞ்சும் நுனியைப் பிடித்துவைக்கும் வளையம் மட்டும் அறுந்துவிட்டது. அதை மட்டும் மாற்ற முடியுமா, முழு ஸ்ட்ராப்பையும் மாற்ற வேண்டுமா?

தாராளமாக மாற்றலாம். ஸ்ட்ராப் நன்றாக இருந்தால் வளையம் மட்டும் போதும். இதே கேள்வியோடு நான் ஒரு மாதம் அலைந்திருக்கிறேன், அதனால்தான் பதில் கொஞ்சம் நீளம்.

நீங்கள் ஓடுபவராகவோ நீந்துபவராகவோதான் இருப்பீர்கள். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அந்த வளையம் போனதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். எனக்கு ஏழாவது கிலோமீட்டரில் தெரிந்தது. மணிக்கட்டில் ஏதோ படபடவென்று அடிக்கிறதே என்று பார்த்தால், ஸ்ட்ராப்பின் வால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வளையம் சட்டைக் கைக்குள் கிடந்தது. பிளேடால் கீறியதுபோல ஒரே நேரான வெட்டு. வளையம் ரப்பர் போன்ற சிலிகான், அதன் குணமே அதுதான். நன்றாக இழுத்தாலும் தாங்கும், ஆனால் விளிம்பில் ஒரு சின்னக் கீறல் விழுந்துவிட்டால் அங்கிருந்து கிழிந்துகொண்டே போகும்.

அப்புறம் நான் செய்த காரியம்தான் தவறு. வால் குட்டையாகட்டும் என்று ஸ்ட்ராப்பை ஒரு ஓட்டை தளர்த்திக் கட்டினேன். அடிப்பது நின்றது. ஆனால் மறுநாள் மெதுவாகத்தான் ஓடுகிறேன், கூட வருபவரோடு பேசிக்கொண்டே ஓடுகிறேன், வாட்ச் இதயத் துடிப்பு 174 என்று காட்டுகிறது. பயந்து நின்றுவிட்டேன். கழுத்தில் விரல் வைத்து எண்ணினால் 130கூட இல்லை. வீட்டுக்கு வந்து பதிவைப் பார்த்தபோதுதான் புரிந்தது, நிமிடத்துக்கு நான் வைத்த அடிகளும் ஏறக்குறைய அதே 174. வாட்ச் அடியிலிருக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. ஸ்ட்ராப் தளர்ந்தால் வாட்ச் ஒவ்வொரு அடிக்கும் குலுங்கும், வெளி வெளிச்சமும் உள்ளே புகும். அந்தக் குலுக்கலையே துடிப்பு என்று எண்ணிவிடும். வளையம் சின்னப் பொருள்தானே என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, திரும்ப இறுக்கிக் கட்டினேன். இந்த முறை சட்டைக் கையைச் சுருட்டும்போது வால் மாட்டி இழுத்து, பக்கிள் முள் ஓட்டையிலிருந்து நழுவி, வாட்ச் தரையில் விழுந்தது. கண்ணாடி தப்பியது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். "லூப் தனியா வராது சார், ஸ்ட்ராப் செட்டாத்தான் வரும்" என்று வாட்சைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே சொன்னார்கள். ஒரு கிராம்கூட எடையில்லாத வளையத்துக்காக நல்ல ஸ்ட்ராப்பைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலிருந்த உடனடிப் பசையால் ஒட்டிப் பார்த்தேன். சாதாரண உடனடிப் பசை சிலிகானில் பிடிக்கவே பிடிக்காது. இரண்டே நாளில் வெள்ளையாகக் காய்ந்து, பொருக்கு பொருக்காக உதிர்ந்து, அதன் முனை மணிக்கட்டைக் கீறிவிட்டது. "எனக்கு ஒட்டியதே" என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். உங்களுடையது பாலியூரித்தேன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக் ஸ்ட்ராப்பாக இருந்திருக்கலாம், அதில் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆனால் ஒட்டிய இடம் விறைத்துவிடுவதால், வளைக்க வளைக்கப் பக்கத்திலேயே விரிசல் விடும்.

கோபத்தில் அறுந்த வளையத்தைத் தூக்கி எறிந்தேன். அதைச் செய்யாதீர்கள், அளவெடுக்க அது வேண்டும்.

வளையங்கள் இணையத்தில் தனியாகவே கிடைக்கின்றன. 18, 20, 22, 24, 26 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். என் வாட்சின் விவரத்தில் ஸ்ட்ராப் 22 என்று இருந்தது, அதையே வாங்கினேன். தொளதொளவென்று வாலோடு சேர்ந்து நழுவியது. காரணம், 22 என்பது வாட்சோடு ஸ்ட்ராப் சேருமிடத்தின் அகலம். அங்கிருந்து பக்கிளை நோக்கிப் பல ஸ்ட்ராப்கள் குறுகிக்கொண்டே வரும். வளையம் உட்காருமிடத்தில் என்னுடையது 20தான். ஆகவே அந்த இடத்தில் அளந்து பாருங்கள். அகலம் மட்டுமல்ல, தடிமனும் வேண்டும். வளையத்துக்குள் ஸ்ட்ராப் இரண்டு மடிப்பாகப் போகிறது, ஒரு மடிப்பு 3 மி.மீ. என்றால் உள்ளே 6 மி.மீ. உயரம் தேவை. இன்னொன்று, சில வளையங்களுக்கு உட்பக்கம் ஒரு குட்டி முளை இருக்கும். அது வாலிலுள்ள ஓட்டையில் போய் உட்கார்ந்து வளையத்தை நகரவிடாமல் பிடிக்கும். உங்களுடையது அப்படியென்றால் முளை வைத்ததையே தேடுங்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. பக்கிள் ஸ்ட்ராப்பைவிட அகலம், அதனால் அந்தப் பக்கமாக வளையத்தை இழுத்துத் திணித்தால் புதியதும் கிழியும். பக்கிளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின்னை, அதாவது முனை உள்ளே அமுங்கும் சின்னக் கம்பியை, மெல்லிய கவைமுனைக் கருவியால் அமுக்கி எடுங்கள். கையையும் வாட்சையும் உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு எடுத்தால், பின் தெறித்தாலும் பையிலேயே விழும். நான் முதல் தடவை பையில்லாமல் செய்து, அரைமணி நேரம் தரையில் தேடினேன். பக்கிள் கழலாத வகை என்றால் ஸ்ட்ராப்பை வாட்சிலிருந்து கழற்றி அந்த முனை வழியாக ஏற்றுங்கள். அந்த முனை அகலம் என்பதால் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டுத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். திரும்ப மாட்டியதும் நன்றாக இழுத்துப் பாருங்கள், பின் இரண்டு பக்கமும் குழியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"ஒரு வளையத்துக்கா இவ்வளவு, புது ஸ்ட்ராப் வாங்கிவிட்டுப் போங்களேன்" என்று கீழே சிலர் எழுதுவார்கள், தெரியும். ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருந்தாலோ, ஸ்ட்ராப் பிசுபிசுவென்று ஆகியிருந்தாலோ நானும் அதைத்தான் சொல்வேன். பாலியூரித்தேன் ஈரத்தில் நாளாக நாளாகச் சிதையும், அதற்கு வளையம் மாற்றிப் பயனில்லை. நல்ல ஸ்ட்ராப்பை எறிவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

    

புது வளையம் மாட்டி எட்டு மாதம் ஆகிறது. ஓடி வந்ததும் வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுகிறேன், சன்ஸ்கிரீன் தடவிய நாளில் கட்டாயம். செட்டில் இரண்டு வந்ததால் இரண்டையும் மாட்டியிருக்கிறேன், வால் அசைவதே இல்லை. உங்கள் வளையத்தில் முளை இருக்கிறதா, பக்கிள் கழலுமா என்று பார்த்து எழுதுங்கள், எது பொருந்தும் என்று சொல்கிறேன்.