மேகம் கறுத்தால் களத்தை மூட வேண்டுமா?

காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஆடியில் நாள் முழுக்க மேற்கிலிருந்து மேகம் ஓடி வருகிறது. பயந்து தார்ப்பாயை மூடினால் மழை வருவதில்லை, வெயில்தான் வீணாகிறது. எந்த மேகத்துக்கு மூடுவது, எதை விட்டுவிடுவது?”

ஆடி மேகத்துக்குப் பெரும்பாலும் மூட வேண்டியதில்லை. சித்திரை மேகத்துக்குத் தாமதிக்கக் கூடாது. நிறத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காற்று ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

மேகம் என்றால் நீராவி என்றே பலரும் நினைக்கிறார்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்ப்பது நீர்த்துளிகளை. மிக உயரத்தில் என்றால் பனிக்கட்டித் துகள்களை. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. போதுமான அளவு குளிர்ந்ததும் அதிலுள்ள ஆவியானது தூசு, புகை, கடலுப்புத் துகள்களின் மேல் படிந்து துளியாகிறது. அது தொடங்கும் மட்டம்தான் மேகத்தின் அடி. வெயில் நாளில் திட்டுத் திட்டாக மிதக்கும் மேகங்களுக்கெல்லாம் அடி ஒரே மட்டத்தில் தட்டையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்தத் துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர். நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் இறங்கும்; ஏறும் காற்று அதை எளிதில் தாங்கிவிடும். 2 மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று உருவாக இவற்றில் பத்து லட்சம் சேர வேண்டும். அதற்கு மேகத்துக்குக் கனமும் வேண்டும், அவகாசமும் வேண்டும்.

ஆடி மேகத்துக்கு இரண்டும் கிடைப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும்போதே கேரளத்திலும் வால்பாறையிலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலை தாண்டி இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாக, மிச்சத் துளிகளும் ஆவியாகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து வேகமாக ஓடும் தாழ்ந்த மேகங்கள் பெரும்பாலும் மெலிந்தவை. தூறல் போட்டால் உண்டு, அவ்வளவுதான்.

சித்திரையில் கதை வேறு. தரை காய்ந்து, காற்று நேர்மேலே எழும்புகிறது. காலையில் சிறு திட்டாகத் தொடங்கிய மேகம் மதியத்துக்கு மேல் காலிஃபிளவர் போல அடுக்கடுக்காக வளர்ந்தால், தார்ப்பாயை எடுத்து வையுங்கள். இத்தகைய மேகம் 12 கிலோமீட்டருக்கு மேலும் வளரும். உச்சி மழுங்கி, பக்கவாட்டில் நார்நாராக விரிந்தால் அங்கே பனிக்கட்டி உருவாகிவிட்டது என்று பொருள், அப்போதே மூடிவிடுங்கள். அடிப்பகுதி கறுப்பாகத் தெரிவது, அத்தனை கனத்தைத் தாண்டி வெயில் கீழே வராததால். சட்டென்று குளிர்காற்று வீசினால், அது மழையோடு சேர்ந்து மேகத்திலிருந்து இறங்கிய காற்று. அதற்குப் பிறகு ஓடினால் பாதிக் கொப்பரை நனைந்துவிடும். இடி காதில் விழுந்துவிட்டால் கொப்பரையை மறந்துவிட்டு ஆட்களை உள்ளே அனுப்புங்கள். திறந்த களம் மின்னலுக்கு ஆபத்தான இடம்.

ஐப்பசியில் வானம் முழுக்க மூடிக்கொண்டு இரவிலும் பெய்யும். அப்போது வானிலை மைய அறிவிப்பையும் ரேடார் படத்தையும் பார்த்துவிட்டுத் தேங்காயை உடையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: தை, மாசியில் மேகமே இல்லாத இரவுதான் கொப்பரைக்குக் கெடுதல். மறைப்பு இல்லாததால் தரை வெப்பத்தை வேகமாக இழந்து, ஆவி நேரே தேங்காய்ப் பருப்பின் மேலேயே பனியாகப் படியும். பூசணம் பிடிக்க அந்த ஈரம் போதும். பொழுது சாய்ந்ததும் மூடி, மறுநாள் களம் காய்ந்த பிறகு திறங்கள்.