கண்ணாடி போட்டவன் பாஸ்கெட்பால் ஆடலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. இந்த வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டான். கண்ணாடியைக் கழற்றினால் எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாது. பள்ளி பாஸ்கெட்பால் அணியில் சேரப் போனவனை, "உயரம் மட்டும் இருந்தா போதுமா? ஓடவே வரலை, கண்ணாடி வேற" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜார்ஜ் மைக்கன் என்ற பழைய அமெரிக்க வீரரின் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, "இவரும் கண்ணாடிதாம்மா" என்கிறான். என் கணவரோ, "அந்தக் காலத்துல எல்லாரும் குள்ளம். நெட்டையா இருந்தவன் ஜெயிச்சான், இதுல என்ன சாதனை?" என்கிறார். அவர் உண்மையிலேயே பெரிய வீரர்தானா? இவனை ஆட விடலாமா, படிப்பைப் பார் என்று சொல்லிவிடலாமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஆட விடுங்கள், படிப்பும் நடக்கட்டும். இரண்டையும் சேர்த்தே செய்தவர்தான் உங்கள் மகன் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த மனிதர்.

உங்கள் கணவர் கேட்பது நியாயமான கேள்வி. மைக்கனின் உயரம் 6 அடி 10 அங்குலம். 1940-களில் அது அபூர்வம்தான். ஆனால் அன்று உயரமான பையன்களைப் பயிற்சியாளர்கள் தேடிப் போய் அழைத்துக்கொள்ளவில்லை. நெட்டையானவன் தடுமாறுவான், இந்த ஆட்டத்துக்கு லாயக்கில்லை என்பதே பொதுவான நினைப்பு. மைக்கன் 1924-இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் பிறந்தார். சிறுவயதில் முழங்கால் நொறுங்கி ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தார். பாதிரியாராகும் எண்ணத்தோடு சிகாகோவில் குருமடப் பள்ளியிலும் படித்தார். பள்ளி அணிக்குப் போனபோது, கண்ணாடி போட்டவனுக்கு இங்கே இடமில்லை என்று கழித்துவிட்டார்கள். பிறகு நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் முயன்றார், அங்கேயும் சரிவரவில்லை. உங்கள் மகனுக்கு நடந்தது அவருக்கு இரண்டு முறை நடந்தது.

திருப்பம் 1942-இல் வந்தது. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்துக்கு 28 வயது ரே மேயர் பயிற்சியாளராக வந்தார். எல்லாரும் குறையாகப் பார்த்த உயரத்தை அவர் மூலதனமாகப் பார்த்தார். உடனே ஆட்டத்தில் இறக்கவில்லை. கயிறு தாண்டச் சொன்னார், குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்தார், கால் அசைவு சீராக வரவேண்டும் என்று நடனம்கூடக் கற்றுக்கொள்ள வைத்தார். அப்புறம் தினமும் வளையத்தின் அடியில் நிறுத்தி இரண்டு கையாலும் நூற்றுக்கணக்கில் ஹூக் ஷாட் (பக்கவாட்டில் நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் வளைத்துப் போடுவது) போட வைத்தார்.

அந்தப் பயிற்சிக்கு இன்றும் மைக்கன் டிரில் என்றே பெயர். உங்கள் மகன் வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு போர்டு இருந்தால் நாளைக்கே தொடங்கலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வளையத்துக்கு நேர் கீழே, கொஞ்சம் வலப்பக்கமாக நிற்க வேண்டும். இடது காலை ஊன்றி எம்பி, வலது கையால் பந்தைப் போர்டில் தட்டிப் போட வேண்டும். வலையிலிருந்து விழும் பந்து தரையைத் தொடக் கூடாது. முகத்துக்கு மேலேயே பிடித்துக்கொண்டு இடப்பக்கம் ஓர் அடி வைத்து, இப்போது வலது காலை ஊன்றி இடது கையால் போட வேண்டும். மறுபடி வலம், மறுபடி இடம். பந்து ஒருபோதும் தோளுக்குக் கீழே இறங்கக் கூடாது, உயரமானவர்கள் செய்யும் முதல் தவறே அதைக் கீழே இறக்கிக் குள்ளமானவர்களிடம் பறிகொடுப்பதுதான். முதல் வாரம் இடது கை சொன்னபடி கேட்காது. விட்டுவிடாமல் செய்யச் சொல்லுங்கள்.

இந்தப் பயிற்சியின் பலன் 1945-இல் தெரிந்தது. அந்த வருடம் டிபால் அணி, கல்லூரி அணிகளுக்கான என்.ஐ.டி. கோப்பையை வென்றது. அதில் ரோட் ஐலண்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மைக்கன் தனியாக எடுத்த புள்ளிகள் 53. எதிரணி மொத்தமாகச் சேர்த்து எடுத்ததும் அதே 53! வளையத்தை நோக்கி இறங்கும் பந்தை அவர் மேலேயே தட்டிவிட்டுக்கொண்டிருந்ததால், அவரையும் ஓக்லஹோமாவின் பாப் கர்லண்டையும் மனதில் வைத்துக் கல்லூரி ஆட்டங்களில் அதற்குத் தடையே கொண்டுவந்தார்கள்.

அப்புறம் தொழில்முறை ஆட்டம். 1947-இல் சிகாகோ கியர்ஸ் அணியோடு ஒரு பட்டம். அந்த அணி கலைந்ததும் மினியாபோலிஸ் லேக்கர்ஸுக்குப் போனார். இன்று லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் லேக்கர்ஸ் அன்று அங்கேதான் இருந்தது. 1948, 1949, 1950, 1952, 1953, 1954 என்று ஆறு பட்டங்கள். மூன்று வருடம் தொடர்ந்து லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். 1949 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் வாசல் பலகையில், நிக்ஸ் அணியோடு மோதப்போவது லேக்கர்ஸ் என்று எழுதவில்லை. 'ஜார்ஜ் மைக்கன்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த சக வீரர்கள் உடை மாற்றாமல் உட்கார்ந்துகொண்டு, "நீயே போய் ஆடு" என்று சீண்டினார்களாம். அடுத்த வருடமே, அரை நூற்றாண்டின் சிறந்த கூடைப்பந்து வீரர் என்று அசோசியேட்டட் பிரஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது.

இப்போது உங்கள் கணவர் கேட்ட இடத்துக்கு வருகிறேன். உயரம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அந்த அனுகூலத்தை எடுத்துவிட்டதும் அவர் சரிந்திருக்க வேண்டும். எடுத்துப் பார்த்தார்கள். வளையத்தின் அடியில், பந்து வைத்திருக்கும் அணியின் ஆள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி அப்போது 6 அடி அகலம். 1951-52 பருவத்தில் அதை 12 அடியாக்கினார்கள், மைக்கனை வளையத்தைவிட்டுத் தள்ளி நிறுத்துவதற்காகவே. ஒரு ஆட்டத்துக்கு 28.4 ஆக இருந்த அவருடைய சராசரி 23.8-க்கு இறங்கியது. ஆனால் அதே பருவத்தில், 1952 ஜனவரியில், ராசெஸ்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 61 புள்ளிகள் எடுத்தார். அவர் வாழ்க்கையின் உச்சம் அதுதான். விதி மாறிய பிறகு நடந்த மூன்று பருவங்களிலும் பட்டம் லேக்கர்ஸுக்கே. 1954-இல் வளையத்தையே 10 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தி ஒரு ஆட்டம் நடத்திப் பார்த்தார்கள். அதிலும் லேக்கர்ஸ்தான் ஜெயித்தது. என்னைக் கேட்டால், ஏழு பட்டங்களில் அந்தக் கடைசி மூன்றுக்குத்தான் கனம் அதிகம்.

24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும் என்ற விதி வந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1950 நவம்பரில் ஃபோர்ட் வெய்ன் அணி, மைக்கனிடம் பந்து போய்விடக் கூடாது என்று சும்மா கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தியது. முடிவு 19-18. லேக்கர்ஸின் 18-இல் 15 மைக்கன் எடுத்தது. காசு கொடுத்து வந்த ரசிகர்கள் வெறுத்துப்போனார்கள். இப்படிப்பட்ட ஆட்டங்கள் பெருகியதால்தான் 1954-இல் கடிகாரம் வைத்தார்கள்.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். லேக்கர்ஸுக்கு ஆடிக்கொண்டே 1949-இல் டிபாலில் சட்டப் பட்டம் வாங்கிவிட்டார். அது எவ்வளவு அவசியம் என்று பின்னால் தெரிந்தது. எலும்புமுறிவுகள் பத்தைத் தொட்ட உடம்போடு 30 வயதிலேயே ஓய்வு அறிவித்தார். ஒருமுறை திரும்பி வந்து 37 ஆட்டம் ஆடினார். பழைய வேகம் இல்லை. பயிற்சியாளர் வேலையும் கைகொடுக்கவில்லை. வக்கீல் தொழில்தான் சோறு போட்டது. 1967-இல், அவர் ஆடிய என்.பி.ஏ. லீகுக்குப் போட்டியாகத் தொடங்கிய ஏ.பி.ஏ. லீகின் முதல் ஆணையரானார். இன்று எல்லாரும் தூரத்திலிருந்து போடுகிறார்களே மூன்று புள்ளி ஷாட், அதை அந்த லீகில் கொண்டுவந்தவர் வளையத்தின் அடியிலேயே வாழ்ந்த இந்த மனிதர்தான்.

உங்கள் மகன் இதையும் தெரிந்துகொள்ளட்டும்: கடைசிக் காலத்தில் நீரிழிவால் ஒரு காலை எடுக்க வேண்டியிருந்தது, சிறுநீரகமும் பழுதானது. என்.பி.ஏ.விலிருந்து வந்த ஓய்வூதியம் மிகச் சொற்பம். தன்னைப் போன்ற பழைய வீரர்களுக்கு அதை உயர்த்தக் கேட்டுக் கடைசிவரை போராடினார். 2005-இல் அவர் இறந்தபோது அடக்கச் செலவை ஏற்றுக்கொண்டவர், பின்னாளில் லேக்கர்ஸுக்கு ஆடிய நட்சத்திரம் ஷகீல் ஓ'நீல். 99-ஆம் நம்பர் (மைக்கனின் சட்டை எண்) இல்லாவிட்டால் நான் இல்லை என்று சொன்னவர் அவர். ஆட்டத்தை நேசிக்கலாம், அதை மட்டும் நம்பிப் பிழைப்பைத் திட்டமிட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கடைசியாகக் கண்ணாடி விஷயம். சாதாரணக் கண்ணாடியோடு கோர்ட்டில் இறங்க விடாதீர்கள். தலையைச் சுற்றி பட்டை வைத்த, எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி கிடைக்கிறது. பவரைச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பவர் அதிகம் போலிருக்கிறது, அதனால் கண் மருத்துவரிடம் விழித்திரையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பவர் அதிகமுள்ளவர்களுக்கு அது அடிபடும் வாய்ப்பு கூடுதல். அவர் சரி என்றதும் இரண்டு மாதம் அந்த டிரில்லும் கயிறு தாண்டுவதும் நடக்கட்டும். அப்புறம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தே போய் பி.டி. சாரைப் பாருங்கள். அணியில் இடம் கேட்க வேண்டாம். மாலைப் பயிற்சியில் ஓரமாக நின்று ஆட அனுமதி மட்டும் கேளுங்கள். மறுக்க மாட்டார்.