பல்செட்டும் மாத்திரை அட்டையும் உள்ளே போய்விட்டால்

வயதானவர்கள் தவறி விழுங்கும் பொருள்கள் பற்றிய கேள்விகளுக்கு இரைப்பை குடல் மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு 78 வயசு. காலையில எழுந்ததிலிருந்து கீழ்ப்பல்செட்டைக் காணோம், தொண்டை குத்துதுங்கிறாங்க. எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையாம். வீட்டுல இன்னொரு தடவை தேடவா?

பதில்: தேடுவதை வேறு யாரிடமாவது விடுங்கள். நீங்கள் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருங்கள். பல்செட்டின் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, கம்பிக் கொக்கி இருந்தால் அதுதான் தெரியும். சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் தெரியக் கொடுக்கும் பேரியம் திரவத்தைக் குடிக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போகலாம், வாய்வழியாகக் கேமரா குழாயை (ஸ்கோப்) விட்டுப் பார்க்கும் என்டோஸ்கோப்பியில் பார்வையையும் மறைத்துவிடும். கூரான பொருள் உணவுக்குழாயில் நின்றால் 2 மணி நேரத்துக்குள், எவ்வளவு தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது ஐரோப்பிய என்டோஸ்கோப்பி சங்கத்தின் 2016 வழிகாட்டுதல். பழைய செட் இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். எந்த இடத்தைப் பிடித்தால் வழுக்காது என்று வெளியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: இழுக்கும்போது கொக்கி கிழிச்சிடாதா?

பதில்: கிழிக்கும், அவசரப்பட்டு இழுத்தால். கூர்முனை பின்னால் வரும்படி திருப்புவதுதான் முக்கிய வேலை. உணவுக்குழாயில் இடம் போதாவிட்டால், கொக்கி சதையில் பதியாத பட்சத்தில், மெல்ல வயிற்றுக்குள் இறக்கித் திருப்பி எடுப்பார்கள். மேல்பகுதியில் சிக்கியதற்கு, ஸ்கோப்புக்கு மேல் உறைபோல மாட்டும் ஓவர்டியூப் என்ற குழாய் உதவும். வயிற்றிலிருந்து எடுக்க ஸ்கோப் நுனியில் ரப்பர் குடை மாட்டுவார்கள். உள்ளே போகும்போது அது பின்னால் மடிந்திருக்கும். வெளியே வருகையில் உணவுக்குழாயின் கீழ்வாயில் உரசி, முன்பக்கம் கவிழ்ந்து பொருளைப் போர்த்திவிடும். கொக்கி ஆழமாகக் குத்தியிருந்தால் அது அறுவை சிகிச்சை நிபுணரின் வேலை.

கேள்வி: தாத்தா மாத்திரையை அட்டையோடவே முழுங்கிட்டார். தானா வெளிய வந்துடும்ங்கிறாங்க.

பதில்: காத்திருக்காதீர்கள். கத்தரியால் ஒற்றையாக வெட்டிய துண்டின் நான்கு மூலையும் பிளேடு போலத்தான். உணவுக்குழாயையும் சிறுகுடலையும் துளைக்கக்கூடியது. ஜப்பானில் இதற்காகவே 1996இல் அட்டையின் மடிப்புக்கோட்டை ஒரு திசையில் மட்டும் வைத்தார்கள், ஒற்றையாகக் கிழிக்க வராது. நம் மெடிக்கல் ஷாப்பில் கத்தரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது! பார்வை மங்கியவர்களுக்கு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: மீன் முள்ளுக்கு சோத்து உருண்டை, வாழைப்பழம்?

பதில்: இரண்டும் வேண்டாம். முள் இன்னும் ஆழமாக இறங்கும். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்கும்போது உணவு மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும்.

கேள்வி: மட்டன் துண்டு சிக்கி எச்சில்கூட இறங்காம இருந்துச்சு, அப்புறம் தானே இறங்கிடுச்சு. இனி பயமில்லையே?

பதில்: என்டோஸ்கோப்பி இன்னமும் தேவை. இந்த வயதில் கறி சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் உணவுக்குழாய் குறுகியிருப்பதுதான். சில சமயம் புற்றுநோய். அங்கிருந்து சிறு சதைத் துண்டெடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறார். நிறுத்திட்டு வரணுமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். கடைசியாக எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பொருளை எடுத்த பிறகு நெஞ்சுவலி, காய்ச்சல், கழுத்துத் தோலை அமுக்கினால் நொறுநொறுப்பு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம்.