முடவாட்டுக்கால்: கிழங்கா, தூளா?

கேள்வி: போன மாதம் கொல்லிமலை போயிருந்தோம். ஆகாய கங்கைக்குப் படி இறங்கும் இடத்தில் முடவாட்டுக்கால் சூப் குடித்தோம், அசல் ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருந்தது. மாமனாருக்கு 68 வயது, மூட்டு வலி, சர்க்கரையும் உண்டு. அவருக்காக ஆன்லைனில் தேடினால் அதே கிழங்கின் தூள் 250 கிராம் 650 ரூபாய், "30 நாளில் மூட்டு வலியும் சர்க்கரையும் அடியோடு குணம்" என்று போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: தூள் வேண்டாம். கிழங்கு வாங்குங்கள், அதையும் சூப்புக்காக வாங்குங்கள்.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடலாம். கிழங்கு என்று சொன்னாலும் மண்ணைத் தோண்டி எடுப்பதில்லை, காட்டில் பாறை மேலும் மரத்தின் மேலும் ஒட்டிப் படரும் ஒரு பெரணிச் செடியின் (fern) தண்டுதான் இது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் மாதிரி அடர்ந்திருப்பதால் பார்க்க ஆட்டின் கால் போலவே இருக்கும். மலைவாழ் மக்கள் மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் இதைத் தலைமுறைகளாகச் சூப் வைத்துக் குடிக்கிறார்கள், முடவனையும் நடக்க வைக்கும் என்பதால்தான் இந்தப் பெயர் என்று விளக்கமும் சொல்வார்கள். இதன் பங்காளிச் செடி ஒன்றைச் சீன வைத்தியத்தில் எலும்பு முறிவுக்குக் கொடுக்கிறார்கள், அதன் சீனப் பெயருக்கே நொறுங்கிய எலும்பைச் சரிசெய்வது என்றுதான் அர்த்தம். ஆக, இந்தப் பழக்கம் பழையது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் வீக்கம் குறைந்ததாக ஆய்வுகளும் உண்டு. ஆனால் எலியின் வீக்கத்துக்கும் 68 வயது முழங்கால் தேய்மானத்துக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது, சர்க்கரையை அடியோடு ஒழிப்பதெல்லாம் வெறும் விற்பனைப் பேச்சு.

அப்படி விளம்பரம் செய்வதே தப்பு. 1954-ல் வந்த மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் சர்க்கரை நோயும் மூட்டுவாத நோயும் இருக்கின்றன, இவற்றைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் போடக் கூடாது.

நானும் இப்படி ஒரு பாக்கெட் வரவழைத்துப் பார்த்தேன். முருகன் படம் இருந்தது, விலை இருந்தது, பேக் செய்த தேதி இல்லை, முகவரி என்ற இடத்தில் ஒரு செல்போன் எண் மட்டும். உணவுப் பொருள் என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும், சித்த மருந்து என்றால் மருந்து தயாரிப்பு உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். அதில் இரண்டுமே இல்லை. தூளான பிறகு உள்ளே இருப்பது முடவாட்டுக்காலா, மரத்தூளா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

இதைவிடப் பெரிய பயம் வேறு. மூட்டு வலிக்கு என்று விற்கும் பெயர் தெரியாத மூலிகைத் தூள்களில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் கலந்து பிடிபட்டது உண்டு. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வரும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், உங்கள் மாமனாருக்கு இரண்டுமே ஆகாது. சூப் குடித்தாலும் அவருடைய மாத்திரைகளை நிறுத்த வேண்டாம், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது இதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே தூள் வாங்கி ஏமாந்துவிட்டேன், திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: பாக்கெட்டையும் விளம்பரத்தையும் போட்டோ எடுத்து, பணம் கட்டிய ரசீதோடு வைத்துக்கொண்டு 1915-க்கு அழையுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனு போடக் கட்டணம் கிடையாது. மிச்சத் தூளைக் கொட்டிவிடாதீர்கள், அதுவே சாட்சி.

கேள்வி: கிழங்கை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிச் சமைப்பது?

பதில்: கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் புதுசு, காய்ந்து நார் நாராக இருந்தால் விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரிலிருந்து எடுத்துக் காற்றாட வையுங்கள், கவரிலேயே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும்.

நான்கு பேருக்கு 150 கிராம் போதும். ரோமத்தைக் கத்தியால் சுத்தமாகச் சீவுங்கள், அரைகுறையாக விட்டால் தொண்டையில் உறுத்தும். அப்புறம் பொடியாக நறுக்கி மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அரைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டியதுதான். கிழங்குக்கென்று பெரிய ருசி கிடையாது, லேசான துவர்ப்புதான், நீங்கள் மலையில் ரசித்தது பெரும்பாலும் மிளகும் பூண்டும்தான்!

ஒன்று மட்டும். தண்டைப் பெயர்த்தால் செடியே போய்விடும், அதனால் கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். வாங்கியதில் ஒரு துண்டை ரோமம் சீவாமல் எடுத்து, தேங்காய் நார் வைத்து வீட்டு மாமரத்தின் நிழல் பக்கம் கட்டித் தண்ணீர் தெளித்து வந்தால் ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.